‘இ’ எங்கே போனது?

“இளையராஜாவைக் காணோம்மா.”

ஒரு புதன்கிழமை, காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தபோது மாமாவிடமிருந்து வந்த அழைப்பு இது. பதற வேண்டாம், இசைஞானிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் புது மடிக்கணினியில் அவர் ‘ளையராஜா’ ஆகியிருந்தார். ‘இதயக்கோயில்’ படம் ‘தயக்கோயில்’ ஆகியிருந்தது. ‘இருவர்’ வெறும் ‘ருவர்’. அந்தக் கணினியில் ‘இ’ என்ற எழுத்தே இல்லாமல் போயிருந்தது.

அதற்கு மூன்று நாள் முன்புதான் நானும் என் தம்பியும் மாமாவின் பழைய கணினியில் இருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்து, “முடிஞ்சது மாமா” என்று கைகுலுக்கி, அவர் வாங்கி வைத்திருந்த மட்டன் பிரியாணியையும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தேக்கா நிலையத்துக்குப் பக்கத்து வீவக அடுக்குமாடியில் இருக்கிறார். வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க கேசட். எழுபதுகளில் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்க ஆரம்பித்தது, குறுவட்டு வரும்வரை நிறுத்தவில்லை. பல கேசட்டுகளில் மேலே ஒட்டிய தாள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. வெறும் எண்தான் மிச்சம். 412, 413, 414. எந்த எண்ணில் என்ன பாட்டு என்பது அந்தப் பழைய கணினிக்குள் இருக்கிறது.

அதை உள்ளே ஏற்றியவர் அத்தை. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர். 1999இல் ஆரம்பித்து நான்கு ஆண்டுகள், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, மைக்ரோசாஃப்ட் அக்சஸ் 97 என்ற தரவுத்தள மென்பொருளில் ஒவ்வொரு பாட்டாகத் தட்டச்சு செய்திருக்கிறார். பாட்டு, படம், பாடியவர், இசை, கேசட் எண், எந்தப் பக்கம், எந்த அலமாரி, யார் கொடுத்தது, கடைசியாக ‘குறிப்பு’. பத்தாயிரத்துக்கும் மேல் வரும். அத்தை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

எனக்கு இதில் சுயநலமும் உண்டு. வானொலியில் நேயர் ஒருவர் அழைத்து, “மழையில நனைஞ்சுக்கிட்டே பாடுவாங்களே, அந்தப் பாட்டு போடுங்க” என்பார். நிலையத்துக் கணினி கையை விரித்துவிடும். மாமாவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், அவர் அந்த விண்டோஸ் 98 பெட்டியை எழுப்பி, பத்து நிமிடத்தில் படத்தின் பெயரோடு பதில் தருவார். அந்தப் பெட்டி சில மாதங்களாக ஆட்டுக்கல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று தெரிந்துதான் புது மடிக்கணினி வாங்கினார். “காராங்குனிக்காரரைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். பழசை அவர் தூக்கிட்டுப் போகட்டும்” என்றும் முடிவு செய்திருந்தார்.

என் தம்பி ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் இருக்கிறான். எனக்கு ஊடகப் பட்டம்தான். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வேலை திருகாணிகளைத் தொலையாமல் பார்த்துக்கொள்வது.

முதல் சிக்கல், கோப்பை வெளியே எடுப்பது. விண்டோஸ் 98க்கு யுஎஸ்பி விரலியைச் செருகினால் அது என்னவென்றே தெரியாது. நெகிழ்வட்டில் 1.44 மெகாபைட்தான் அடங்கும். கடைசியில் வன்தட்டையே கழற்றி, யுஎஸ்பியில் இணைக்கும் ஒரு வடத்தில் மாட்டினான். அந்த வடத்துக்காக சிம் லிம் ஸ்குவேரில் மூன்று மாடி ஏறி இறங்கினோம். சுங்கை ரோடு சந்தை இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. அது 2017 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது.

இரண்டாவது சிக்கல் பதிப்பு. புது மடிக்கணினியில் புது அக்சஸ் இருக்கிறது, அதே குடும்பம், அதே பெயர். ஆனால் திறக்கவில்லை. அக்சஸ் 2013 முதல் வந்த பதிப்புகள் 97இன் கோப்பைத் திறப்பதில்லை. நடுவில் ஒரு பதிப்பு வேண்டும். 2003இல் திறந்து மாற்றி, அங்கிருந்து புதியதற்கு. நாம் பேரனிடம் பேச, கொள்ளுத்தாத்தா மொழியைத் தாத்தா மொழிபெயர்த்துத் தருவது மாதிரி. பொங்கோலில் இருக்கும் தம்பியின் நண்பர் வீட்டு ‘பாம் ஷெல்டரில்’ ஒரு பழைய மடிக்கணினி, ஆஃபிஸ் 2003ஓடு, கிறிஸ்மஸ் மரத்துக்கு அடியில் கிடைத்தது.

கோப்பு திறந்தது. ஆங்கிலம் எல்லாம் சரியாக இருந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

இங்கேதான் நம் மொழியின் கதை உள்ளே வருகிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் ‘அ’ என்றால் 2949. உலகம் முழுக்க, எந்தக் கருவியிலும் யூனிகோடில் அதே எண். ஆனால் தொண்ணூறுகளில் பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு எழுத்துக்கு 0 முதல் 255 வரைதான் இடம் தந்தன. முதல் பாதியில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. மீதி 128 இருக்கைகளில் தமிழை உட்கார வைக்க வேண்டும். ஆளாளுக்கு ஒரு வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் எழுத்துருவில் எழுதியதை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் குப்பை.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பேசிய இடங்களில் நம் ஊர் முக்கியமானது. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். இணையத்தில் தமிழ் ஏறிய முதல் ஆண்டுகளில் அவருடைய உழைப்பு பெரிது. 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கே, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. 1999இல் சென்னையில் அடுத்த மாநாடு. அதே ஆண்டு கோவிந்தசாமி காலமானார். 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடினார்கள், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான ‘உத்தமம்’ பிறந்தது. இதே காலத்தில் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து, விவாதித்து, பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு பொது இருக்கை வரிசைதான் ‘திஸ்கி’. அத்தை பயன்படுத்தியது அதைத்தான். பழைய வன்தட்டில் ‘இணைமதி’ எழுத்துரு இருந்ததை வைத்துத் தம்பி கண்டுபிடித்தான்.

அந்த எழுத்துருவைப் புதுக் கணினியில் நிறுவியதும் தமிழ் தெரிந்தது. மாமா முகம் மலர்ந்துவிட்டது. “அதான் தமிழ் வந்துடுச்சே தம்பி, போதுமே?”

போதாது. உள்ளே இருப்பது இன்னமும் கொம்பு முளைத்த எழுத்துதான், மேலே தமிழ் முகமூடி. திஸ்கியில் ‘அ’வின் எண் 171. மற்ற கணினிகளுக்கு அது பிரெஞ்சுக்காரர்கள் போடும் மேற்கோள் குறி. கைத்தொலைபேசிக்கு அனுப்பினால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடில் ‘சுசீலா’ என்று தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எண்ணையே மாற்ற வேண்டும்.

அதுவும் ஒன்றுக்கு ஒன்று மாற்றம் இல்லை. ‘கொ’ என்று எழுதும்போது நாம் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகப் போடுகிறோம் அல்லவா? திஸ்கியும் கண்ணுக்குத் தெரிகிற அந்த வரிசையிலேயே மூன்று எண்களை வைக்கிறது. யூனிகோடோ முதலில் ‘க’, பிறகு ‘ஒ’காரக் குறி என்று உச்சரிக்கிற வரிசையில் வைக்கும். மாற்றி மென்பொருள் ஒவ்வொரு கொம்பையும் தூக்கி இடம் மாற்ற வேண்டும். இதற்கென்று எழுதப்பட்ட இலவச மாற்றிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. தரவுத்தளத்தை ஒரு விரிதாளுக்கு ஏற்றுமதி செய்து, அங்கிருந்து மாற்றியில் போட்டு, புதிய அக்சஸில் இறக்கினோம். பழையதில் எத்தனை பதிவு, புதியதில் எத்தனை பதிவு என்று எண்ணினோம். ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த பிரியாணி.

சரி, ‘இ’ எங்கே போனது?

தம்பி அன்று இரவு தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான். திஸ்கியில் ‘அ’ 171, ‘ஆ’ 172, ‘இ’ 173. இந்த 173 என்ற இருக்கை மற்ற மென்பொருள்களுக்கு ஒரு விநோதமான குறி. வரி மடங்கும்போது மட்டும் தலைகாட்டும், மற்ற நேரத்தில் கண்ணுக்கே தெரியாத இணைப்புக்கோடு. பல மென்பொருள்கள் அதைத் தேவையில்லாதது என்று நினைத்து விழுங்கிவிடும். இந்தத் தொல்லை தெரிந்துதான் திஸ்கியின் பிந்திய பதிப்பில் ‘இ’க்குக் கடைசி வரிசையில் 254 என்று வேறு இருக்கை தந்தார்கள். அத்தை தட்டச்சு செய்தது அதற்கு முந்திய முறையில். நாங்கள் நடுவில் பயன்படுத்திய ஏதோ ஒன்று 173ஐச் சுத்தம் செய்துவிட்டது. ‘இ’ சொல்லின் முதலில் மட்டுமே வருகிற எழுத்து என்பதால் மற்றச் சொற்கள் தப்பின. ‘தமிழ்’ இருந்தது. ‘இசை’ மட்டும் ‘சை’ ஆனது.

“மாமாவை உடனே கூப்பிடு அக்கா. காராங்குனிக்காரரை வர வேணாம்னு சொல்லச் சொல்லு.”

எனக்கு அப்போது அது அதிகப்படியாகத் தெரிந்தது. விட்டுப்போன ‘இ’யைத் தேடிச் சேர்த்தால் போதாதா? அவன் தொழிலில் கேட்ட கதைகளை எடுத்துவிட்டான். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, பழைய உரிமையாளரின் கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரு வார இறுதியில் மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்தது, ஆனால் புது அமைப்பு தாங்கவில்லை. கிட்டத்தட்ட 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். எல்லாம் சீராக மாதக்கணக்கில் ஆனது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது கிட்லேப் கதை. மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் சேவை அது. 2017 ஜனவரி 31 அன்று களைத்துப்போன ஒரு பொறியாளர், தவறான கணினியில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 கிகாபைட்டில் மிஞ்சியது 4.5. பரவாயில்லை, தினமும் நகல் எடுக்கிறோமே என்று தேடினால் நகலே இல்லை. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, நகலெடுக்கும் கருவியின் பதிப்பு 9.2. பதிப்பு பொருந்தாததால் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு ஏதோ சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள் என்பது தனி. வானொலிக்காரியாக அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம்.

மாமாவுக்கு அழைத்தேன். “சரிம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி தேக்கா. இம்முறை தம்பி ஒரு நிபந்தனை போட்டான். பழைய கணினி முன்னால் மாமா உட்கார வேண்டும், புதியதன் முன்னால் நான். நான் வாய்விட்டுப் படிக்க, அவர் சரிபார்க்க வேண்டும். வானொலிக்காரிக்கு இதற்கென்றாவது ஒரு பயன்! முதல் ஐம்பது, நடுவில் ஐம்பது, கடைசி ஐம்பது. பிறகு, “குறிப்பு நீளமா இருக்கிறது எது மாமா, அதைப் படிப்போம்” என்றான்.

கேசட் 227. பாட்டு விவரங்களுக்குக் கீழே அத்தையின் குறிப்பு. தங்கையின் பிரசவத்துக்காக மலாக்கா போன கதை. திரும்பி வரும்போது பேருந்தில் இந்த கேசட்டை மறந்து விட்டுவிட்டு வந்தது, இரவெல்லாம் தூங்காமல் மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று புரண்டது. “மறுநாள் காலை ஏழு மணிக்கு” என்று படித்து நிறுத்தினேன்.

“ம், மேல படிம்மா.”

“அவ்வளவுதான் மாமா. ஏழு மணிக்குன்னு முடியுது.”

“இல்லையே. இங்க இன்னும் எட்டு வரி இருக்கு.”

மூவரும் பழைய திரையைப் பார்த்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பேருந்து ஓட்டுநரே, கேசட் பெட்டிக்குள் இருந்த முகவரிச் சீட்டைப் பார்த்து, புளோக்குக்குக் கீழே வந்து நின்றிருக்கிறார். மலாய்க்காரர். தமிழ் தெரியாது, ஆனால் ஊரிலிருந்து வருகிற வழியெல்லாம் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறார். இரண்டாம் பக்கத்து நான்காவது பாட்டு நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வரி மாமாவைப் பற்றி. அதை இங்கே எழுதப் போவதில்லை.

தம்பி எழுத்துகளை எண்ணினான். சரியாக 255இல் வெட்டியிருந்தது. நாங்கள் நடுவில் பயன்படுத்திய விரிதாள் வடிவத்தில் ஒரு கட்டத்துக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் இருந்ததை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் துண்டித்துவிட்டது. வேலை தெரிந்தவன் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று அவனே ஒப்புக்கொண்டான். நீளமான குறிப்புகள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், எல்லாமே பாதியில் நின்றன. பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் அன்றைக்கும் மிகச் சரியாக இருந்தது. ‘இ’ மட்டும் காணாமல் போகாதிருந்தால் மாமா நீளமான குறிப்புகளை எப்போது திறந்து பார்த்திருப்பார்? அதற்குள் பழைய பெட்டி ஏதோ ஒரு கிடங்கில் உடைந்து கிடந்திருக்கும்.

இரண்டாம் முறை நடுவில் யாரையும் விடவில்லை. விரிதாள் வேண்டாம், பொங்கோல் மடிக்கணினியும் வேண்டாம். பழைய அக்சஸ் 97இலிருந்தே எல்லாவற்றையும் வெறும் உரைக்கோப்பாக எடுத்தோம். எந்த அலங்காரமும் இல்லாத, எந்தக் காலத்துக் கணினியும் படிக்கிற வடிவம் அது. 173ஐ மறக்காமல் ‘இ’ ஆக்கும்படி தம்பி மாற்றியைத் திருத்தினான். அத்தை குறிப்புகளுக்கு நடுவே பத்தி பிரித்திருந்த இடங்களில் ஒரு பதிவு இரண்டாக உடைந்து தொல்லை கொடுத்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாலை.

இன்னொரு தவறு நடக்க இருந்தது. ‘யார் கொடுத்தது’ என்ற இடத்தில் பல பெயர்களுக்குப் பக்கத்தில் ஏழு இலக்கத் தொலைபேசி எண்கள். 2002 மார்ச் 1 முதல் சிங்கப்பூர் வீட்டுத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கமானது உங்களுக்கு நினைவிருக்கலாம். “ஏழு இலக்கம் எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு 6 போட்டுடறேன்” என்று தம்பி விசையில் கை வைத்துவிட்டான்.

“இரு தம்பி. அதுல பாதி ஜோகூர் நம்பர்” என்றார் மாமா.

ஜோகூர் பாரு எண்கள் இன்றைக்கும் ஏழு இலக்கம்தான். எது எந்தக் கரையின் எண் என்று மாமாவுக்குப் பெயரைப் பார்த்தாலே தெரியும். தம்பி எண்களை அப்படியே விட்டுவிட்டான்.

பிறகு மறுபடியும் நான் படிக்க, மாமா சரிபார்க்க, இரண்டு ஞாயிறு ஓடியது. உண்மையைச் சொன்னால் அதில் பாதி நேரம் சரிபார்த்தல் இல்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் மாமா ஒரு கதை சொன்னார். சிலவற்றை அவரே அப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. பாட்டைத் தேட மட்டுமே அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்திருக்கிறார்.

இப்போது எல்லாம் புதுக் கணினியில் இருக்கிறது. ஒரு நகல் தம்பியிடம், ஒன்று என்னிடம், ஒன்று மேகக் கணிமையில். உரைக்கோப்பும் தனியாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் நகலைத் திறந்து கேசட் 227ஐப் படித்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழைய பெட்டி ஒரு பூப்போட்ட துணிக்கு அடியில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தீபாவளி வரைக்கும் இருக்கட்டும் என்கிறார், எந்த தீபாவளி என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது மாமா ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். அத்தை தட்டச்சு செய்யாமல் விட்ட கடைசி அலமாரி, முப்பது சொச்சம் கேசட்டுகள்.

“நான் அடிச்சுத் தரட்டுமா மாமா?”

“வேணாம்மா. எந்த எழுத்து எங்க இருக்குன்னு மட்டும் காட்டு.”

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் முதல் விசையைத் தட்டினார். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ ‘இ’ இருக்கு” என்றார்.